டிக்கெட் ஃப்ரீ... முதல் படிக்கட்டு? மாற்றுத்திறனாளிப் பெண்களின் 2026 விஷ் லிஸ்ட்

ஜனவரி பிறந்தாச்சு. உங்க போன்ல இந்நேரம் ஒரு லிஸ்ட் இருக்கும். ஜிம்ல சேரணும், சர்க்கரையைக் குறைக்கணும், தோழிகளோட ஒரு ட்ரிப் போகணும், மாசம் ஒரு புத்தகம் படிக்கணும். பொங்கல் முடிஞ்சதும் அந்த லிஸ்ட் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், விடுங்க.

இன்னொரு லிஸ்ட் இருக்கு. அதோட முதல் வரி இது: 'வெளியே போனா, யார்கிட்டயும் கேட்காம பாத்ரூம் போயிட்டு வரணும்.' ஊனம் உள்ள பெண்களோடும், அவங்க உரிமைக்காகப் பேசுறவங்களோடும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால், வானத்தை வளைக்கிற ஆசை எதுவும் முதலில் வராது. சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிற விஷயங்கள்தான் வரும். எழுதியாச்சு, கையெழுத்தும் ஆச்சு, வீட்டு வாசலுக்குத்தான் இன்னும் வரலை.

இதை ஒரு பெருநகரத்தை வெச்சுப் பேசுறதைவிட, விருத்தாசலம் மாதிரி ஒரு ஊரை வெச்சுப் பேசினால் நல்லா புரியும். கடலூர் மாவட்டத்துல, மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிற ஊர். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியா ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்க, இங்கே பீங்கானுக்குன்னே ஒரு தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர அரசுப் படிப்பும் வந்தது. கார்த்திகைக்கு நீங்க ஏத்தின பீங்கான் அகல், நவராத்திரிக்கு வாங்கின குட்டி பொம்மை, தாத்தா வீட்டு மெயின் போர்டுல இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கேரியர்... இதில் ஏதாவது ஒண்ணு விருத்தாசலத்துச் சூளையில் வெந்ததா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கழிவறைக் கோப்பைகளும் இங்கே வார்க்கப்பட்டிருக்கு.

கழிவறைக் கோப்பையில் இருந்தே ஆரம்பிப்போம்.

தண்ணி குடிக்காத பெண்கள்

காலில் காலிப்பர் போட்டு நடக்கிற ஒரு பெண்ணை நினைச்சுக்கோங்க. நம்ம ஊர்ப் பொதுக் கழிப்பறையில் பெரும்பாலும் இருப்பது குத்தவைத்து உட்காரும் கோப்பை. முழங்கால் மடங்காதவங்க அதில் எப்படி உட்காருவாங்க? வீல்சேரில் வர்றவங்களுக்கோ கதவே பிரச்னை. வண்டி உள்ளே நுழையாது, நுழைஞ்சாலும் திரும்பாது, திரும்பினாலும் கதவைச் சாத்த முடியாது. பார்வை இல்லாத பெண்ணுக்குத் தரையின் ஈரம் எதனாலன்னு தெரியாது. ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லைன்னு சொல்ல வரலை. ஆனால், மாதவிடாய் நாளில் ஒரு பெண்ணுக்கு இது வேற கணக்கு.

அதனால் பல பெண்கள் கண்டுபிடிச்ச தீர்வு, தண்ணி குடிக்காமல் இருப்பது. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பணும்னா, முந்தின ராத்திரியே நிறுத்திடுவாங்க. சிறுநீர்த் தொற்று வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. தண்டுவடத்தில் அடிபட்டவங்களுக்கு அந்தத் தொற்று சிறுநீரகம் வரை போகும். ஒரு கதவின் அகலம் உடம்புக்குள்ள நோயா மாறுறது இப்படித்தான்.

சரியான கழிவறை என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கதவு 90 சென்டிமீட்டர் அகலம். உள்ளே வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் உட்காரும் கோப்பை. இரண்டு பக்கமும் பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும், ஏன்னா உள்ளே யாராவது விழுந்துட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும். வாசலுக்குச் சாய்தளம் போட்டால், ஓர் அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம் வேணும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு, அடுத்த முறை ஒரு கல்யாண மண்டபத்துக்கோ பேங்குக்கோ போகும்போது பாருங்க. ஓர் அடி உயரத்துக்கு மூன்றடியில் செங்குத்தா ஒரு சிமென்ட் சறுக்கு இருக்கும். அது போட்டோவுக்காகப் போட்டது. அதில் வீல்சேர் ஏறாது. இறங்கினால் ஆள் போய்ச் சேருவது எங்கேன்னு சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்லுது? 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே கட்டி முடிச்ச பொதுக் கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் புழங்குற மாதிரி மாத்தணும்னு அதில் இருக்கு. 2017 ஜூனில் விதிகள் வந்தன, ஆக 2022 ஜூனோடு கெடு முடிஞ்சது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-ல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. அணுகல் வசதி சம்பந்தமான விதி வெறும் ஆலோசனை மாதிரி இருக்கு, சட்டமோ கட்டாயம்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகலைன்னு சொல்லி அந்த விதியையே செல்லாதுன்னு அறிவிச்சது. மூன்று மாதத்துக்குள் கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. அந்த மூன்று மாசம் 2025 பிப்ரவரியிலேயே முடிஞ்சிடுச்சு. 'செய்தால் நல்லது' என்பதை 'செய்தே ஆகணும்'னு மாத்தி, அது டெல்லிக் கோப்பிலிருந்து நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு வரை வரணும். 2026 லிஸ்ட்டின் முதல் வரி இதுதான்.

60 கிலோமீட்டர்

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கொஞ்ச நாளில் மாற்றுத்திறனாளிகளுக்கும், துணைக்கு வர்றவர் ஒருத்தருக்கும் அதே சலுகை கிடைச்சது. ஆக, ஊனம் உள்ள ஒரு பெண்ணுக்கு ரெண்டு வகையிலும் பயணம் இலவசம். ஆனால், பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கு. டிக்கெட்டை ஃப்ரீ ஆக்கினவங்க படியைத் தாழ்த்த மறந்துட்டாங்க. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் மறுபடி ஓட ஆரம்பிச்சதுக்குப் பின்னால், மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கா நடத்தின போராட்டம் இருக்கு. அந்தப் பஸ் தாம்பரம் தாண்டி விருத்தாசலம் வரைக்கும் எப்போ வரும்?

பஸ்ஸை ஏன் இவ்வளவு பேசுறேன்னா, ஊனம் உள்ளவர்களுக்கு ஒரு சான்றிதழ் வேணும்னாலும், வண்டி வேணும்னாலும், காது கேட்கும் கருவி வேணும்னாலும் பயணம்தான் முதல் பரீட்சை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது கடலூரில். விருத்தாசலத்தில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஒரு ஆண் நண்பர் பைக்கில் ஏறிப் போயிட்டு வந்துடுவார். ஒரு பெண்ணோட அம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டுக் கூடவே போகணும். அன்னிக்கு டாக்டர் லீவுன்னா, இன்னொரு நாள் கூலி. இப்படி ரெண்டு தடவை ஆனதும் வீட்டில் ஒரு குரல் எழும்: 'இவளுக்கு எதுக்கு இந்தக் கார்டெல்லாம்?' மகனா இருந்தால் அந்தக் குரல் எழறது கொஞ்சம் லேட் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசம் ஒரு வாழ்க்கையின் அளவு.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்துற 'உரிமைகள்' திட்டத்தின் முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றை மாவட்டத் தலைநகரிலேயே வெச்சிருக்காமல், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வழியா ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரணும் என்பதுதான் திட்டம். அந்த மையத்தில் ஒரு பெண் தெரபிஸ்ட் இருக்காங்களா, திரை போட்ட அறை இருக்கா என்பதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 17 வயசுப் பெண்ணோட அம்மா கிட்ட கேட்டுப் பாருங்க, அதுதான் முதல் கேள்வியா இருக்கும்.

1,500 ரூபாயில் என்ன வாங்கலாம்?

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியா வர்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் டெல்லியின் பங்கு மாசம் 300 ரூபாய். 2012-க்குப் பிறகு அது ஒரு ரூபாய்கூட ஏறலை. 2012-ல் ஒரு காபி என்ன விலைன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க.

உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைஞ்சது 25% கூடுதலாகத் தரணும்னு சொல்லுது. தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். அதோடு 25% சேர்த்தால் சரியா 1,500. பேப்பரில் கணக்கு நேர். ஆனால் பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளிக்கு மாசம் 6,000 ரூபாய். முழுமையாக முடங்கினவர்களுக்கு 15,000. அதைக் காட்டித்தான் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தெருவில் இறங்கி உயர்வு கேட்குது. தேர்தல் வருஷம் வேற. மே மாசத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் முடிஞ்சிருக்கும். வாக்குறுதிகள் பறக்கும் இந்த மாசங்களில் அந்த எண் எவ்வளவு ஏறுதுன்னு நீங்களும் கவனிங்க.

பெண்களுக்குன்னு தனிக் கணக்கு ஒண்ணும் இருக்கு. மாசம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் ஆரம்பிச்சப்போ, ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குற பெண்ணுக்கு அது கிடையாதுன்னு ஆச்சு. உரிமைத்தொகை வீட்டு வேலைக்கான அங்கீகாரம். ஓய்வூதியம் ஊனத்தால் கூடுற செலவுக்கான உதவி. காரணம் வேற வேற. ஊனம் உள்ள பெண் வீட்டில் சமைக்கலையா, துவைக்கலையா? ரெண்டில் ஒண்ணுதான்னா, எந்த வேலைக்கு எந்தக் காசு?

இன்னொரு கேள்வி, ஏடிஎம் கார்டு யார் பாக்கெட்டில் இருக்கு? இதுக்கு எந்த அரசாணையும் போட முடியாது.

உட்கார்ந்து செய்யிற வேலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனம் உள்ள ஆண்களில் சுமார் 47% பேர் ஏதோ ஒரு வேலையில் இருந்தாங்க. பெண்களில் சுமார் 23%. படிப்பிலும் அப்படித்தான்: எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆண்கள் 62%, பெண்கள் 45%.

விருத்தாசலம் மாதிரி ஊரில் இந்த இடைவெளியைப் பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கும். ஏன்னா பீங்கான் வேலையில் பாதி, உட்கார்ந்த இடத்தில் கையால செய்யிறது. களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊத்தணும். அச்சு தண்ணியை உறிஞ்சுக்க, உள்ளே தோல் மாதிரி பொம்மை படியும். மிச்சக் கூழைக் கொட்டிட்டு, காய்ஞ்சதும் அச்சைப் பிரிச்சா, பொம்மையின் ரெண்டு பக்கமும் ஒரு தையல் கோடு தெரியும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைச்சு வழவழப்பாக்கணும். சூளைக்குப் போயிட்டு வந்ததும் கண்ணும் புருவமும் வரையணும், உடைஞ்சதைப் பொறுக்கி ஒதுக்கணும், வைக்கோலோ பேப்பரோ சுத்திப் பெட்டியில் அடுக்கணும். தட்டுச் சுமக்கிறதும் சூளை அடுக்குறதும்தான் ஓடியாடுற வேலை. தையல் கோடு சீவ, புருவம் வரைய, காது கேட்கணும்னு அவசியம் இல்லை, கால் நடக்கணும்னும் இல்லை. களிமண் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதுக்கு மாஸ்க்கும் காற்றோட்டமும் எல்லாத் தொழிலாளிக்குமே வேணும் என்பது தனி.

அப்புறம் என்ன தடை? மறுபடியும் அதே பஸ் படி, அதே கழிவறை, அப்புறம் 'இவங்களால முடியுமா?'ன்னு ஒரு இழுப்பு. அரசு வேலையில் 4% இடஒதுக்கீடு உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடம் உண்டு. பீங்கான் படிப்பை அரசு நடத்தினால் அதுக்கும் இது பொருந்தும். வறுமை ஒழிப்பு, வீடு, நிலம் தர்ற திட்டங்களில் 5% ஒதுக்கி, அதிலும் ஊனம் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை தரணும்னு 37-வது பிரிவே சொல்லுது. பத்துப் பேர் வேலை செய்யிற தனியார் பட்டறையை எந்தச் சதவிகிதமும் கட்டாயப்படுத்தாது. அங்கே முதலாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் யாராவது ஒருத்தர் 'ஒரு வாரம் வெச்சுப் பாருங்க'ன்னு பேசணும். பெரும்பாலும் அதைப் பேசுறது, ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிற இன்னொரு பெண்.

ஊரைச் சுத்தியிருக்கிற கிராமங்களில் நிலைமை வேற. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி என்பது தமிழ்நாட்டில் சங்கங்கள் போராடி வாங்கினது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தாச்சு. பழைய சலுகை புதுச் சட்டத்தோடு சேர்ந்து வருமா என்பது இந்தப் புது வருஷத்தின் கவலைகளில் ஒண்ணு.

கல்யாணம், குழந்தை, காவல் நிலையம்

தமிழ்நாட்டில் ஒரு திட்டம் பல வருஷமா இருக்கு. ஊனம் உள்ள ஒருத்தரை, 'நல்ல நிலையில்' இருக்கிற ஒருத்தர் மணந்தால் 25,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும். பட்டமோ டிப்ளமாவோ படிச்சிருந்தால் 50,000. ஊனம் உள்ளவர்களே ஒருவரை ஒருவர் மணந்தாலும் உண்டு. இந்தப் பணம் பல குடும்பங்களுக்கு உதவியிருக்கு, அதை மறுக்கலை. ஆனால், 'நல்ல நிலையில் உள்ளவர்' என்ற அந்த வார்த்தையைப் படிக்கும்போது மணப்பெண்ணுக்கு என்ன தோணும்? தன்னைக் கட்டிக்கிறதுக்கு அரசு நஷ்ட ஈடு தருதோன்னு தோணாதா? 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்து பதினைந்து வருஷம் ஆச்சு. படிவங்களும் அந்த வேகத்தில் மாறினால் நல்லா இருக்கும்.

வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு இன்னும் பெரிய சிக்கல், அவள் உடம்பைப் பத்தி அவளைத் தவிர எல்லோரும் முடிவெடுப்பது. 1994-ல் மகாராஷ்டிராவில், அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்கான அரசு விடுதியில் இருந்தவங்களைப் புனேவுக்குக் கூட்டிப்போய்க் கர்ப்பப்பையை எடுத்தாங்க. மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியலைன்னு காரணம் சொன்னாங்க. நாடே அதிர்ந்தது. 2009-ல் சண்டிகரில், விடுதியில் இருந்தபோது பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமான ஒரு பெண், குழந்தை வேணும்னு சொன்னார். அறிவுசார் குறைபாடு இருக்குன்னு சொல்லிக் கருவைக் கலைக்க அதிகாரிகள் அனுமதி கேட்டாங்க. உச்ச நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் நின்றது. இப்போ 2016 சட்டத்தின்படி, சம்மதம் இல்லாமல் கர்ப்பம் தரிக்க முடியாமல் பண்ணுற எந்தச் சிகிச்சையையும் செய்யக் கூடாது. விதிவிலக்குகள் தவிர்த்து, ஊனம் உள்ள பெண்ணின் கருவை அவள் சம்மதம் இல்லாமல் கலைத்தால் சிறை.

2021-ல் வந்த இன்னொரு தீர்ப்பு பரவலா தெரியாது, தெரியணும். ஆந்திராவில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண், தன்னைத் தாக்கியவனைக் குரலால் அடையாளம் காட்டினார். ஊனம் இருக்கிறதால் ஒருத்தரின் சாட்சியத்தை மட்டமாக எடைபோடக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண் என்பது, ஊனம் என்பது, சாதி என்பது எல்லாம் ஒரே ஆள் மேல ஒரே நேரத்தில் விழுற சுமைன்னும் விளக்கியது.

இதில் நீங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது: ஊனம் உள்ள ஒரு பெண் மீது பாலியல் குற்றம் நடந்தால், புகார் கொடுக்க அவங்க காவல் நிலையப் படி ஏற வேண்டியதில்லை. போலீஸ் அவங்க வீட்டுக்கோ, அவங்க சொல்ற இடத்துக்கோ வந்து, சைகை மொழி பெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வெச்சுக்கிட்டு, வீடியோ எடுத்துப் பதிவு பண்ணணும். 2013-ல் சட்டத்தில் வந்தது, புது குற்றவியல் சட்டத்திலும் இருக்கு. பெண்கள் உதவி எண் 181. காது கேட்காத பெண் எப்படி 181-க்குப் பேசுவார்னு நீங்க கேட்டால், சரியான கேள்வி. மெசேஜ் அனுப்பியும் வீடியோ காலில் சைகை செய்தும் உதவி கேட்க வழி வேணும் என்பது அந்த லிஸ்ட்டில் இன்னொரு வரி.

ரீல்ஸுக்கு வெளியே

2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ் பேட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம். மூணு பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள். நீங்களும் ஹார்ட் போட்டிருப்பீங்க, போடணும். தண்டுவடத்தில் அடிபட்டு வீல்சேரில் இருக்கும் ப்ரீத்தி சீனிவாசன், ஒரு காலத்தில் தமிழக இளையோர் மகளிர் கிரிக்கெட் கேப்டன். திருவண்ணாமலையில் 2013-ல் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கி, தன்னை மாதிரி அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிறார். சேலத்தில் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த வானவன் மாதேவி, இயலிசை வல்லபி சகோதரிகள் அதே நோய் உள்ளவங்களுக்காக ஓர் அறக்கட்டளையையே கட்டி எழுப்பினாங்க. அக்கா 2017-ல் மறைந்துட்டாங்க, வேலை நிக்கலை.

இவங்களைப் பார்த்து 'இவங்களாலேயே முடியுது, உன்னால முடியாதா?'ன்னு ஒரு வசனம் போடுவோம் இல்லையா, அதைத்தான் கொஞ்சம் நிறுத்தணும். மெடல் வாங்காத பெண்ணுக்கும் பாத்ரூம் வேணும்.

நாற்காலியும் எண்ணிக்கையும்

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. தேர்தலில் நிற்காமலேயே மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்கலாம். நகர்ப்புறத்தில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913, ஒன்றியங்களில் 388, மாவட்ட ஊராட்சிகளில் 37 என்று அரசு கணக்குச் சொன்னது. விருத்தாசலம் மாதிரி நகராட்சி மன்றத்தில் தெருவிளக்கும் சாக்கடையும் பேசுற இடத்தில், 'அந்த நடைபாதையில் வீல்சேர் போகாது'ன்னு சொல்ல ஓர் ஆள். நகராட்சியில் நியமன உறுப்பினர் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஆனாலும் இத்தனை காலம் பேசக்கூட ஆள் இல்லையே.

கிராமங்களுக்கு இன்னும் காத்திருப்புதான். கடலூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிஞ்சு, தனி அலுவலர்கள் நடத்திக்கிட்டிருக்காங்க. தேர்தல் நடந்து மன்றம் அமையணும், அப்புறம்தான் அந்த நாற்காலி. தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் பாதி பெண்களுக்கு. நியமன நாற்காலிகளிலும் பாதியில் பெண்கள் உட்காரணும் என்பது ஆசை. மன்றக் கூடம் மாடியில் இருந்து, லிஃப்ட் இல்லைன்னா என்ன பண்றதுன்னும் இப்போதே யோசிச்சு வெச்சுக்கலாம்.

கடைசியா ஒரு கணக்கு. 2011-ல் தமிழ்நாட்டில் ஊனம் உள்ளவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். ஆண்கள் 6.57 லட்சம், பெண்கள் 5.22 லட்சம். மொத்த மக்கள்தொகையில் அப்போ 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள் இருந்த மாநிலம் இது. ஊனம் உள்ளவர்களில் மட்டும் 1,000-க்கு 795. விபத்தில் அடிபடுவது ஆண்கள்தான் அதிகம், அது ஒரு காரணம். சிகிச்சை கிடைக்காமல் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்த பெண் குழந்தைகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்ம வீடுகளில் இருக்கு. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது, 'அப்படி யாரும் இல்லைங்க'ன்னு சொல்லிடுவாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும்னு உள் அறையில் ஒருத்தி இருப்பாள், அவள் காதிலும் அது விழும்.

அடுத்த கணக்கெடுப்பின் முதல் கட்டமாக, வீடுகளைப் பட்டியலிடும் வேலை இந்த ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் நடக்கும். ஆட்களை எண்ணுறது 2027 பிப்ரவரியில். 2011-ல் 8 வகை ஊனம்தான் கேட்டாங்க. 2016 சட்டத்தில் 21 வகை இருக்கு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவங்களும் அதில் உண்டு. அந்த 21-ம் படிவத்தில் வரணும்னு உரிமை அமைப்புகள் கேட்கிறாங்க. படிவம் எப்படி வந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது உங்க வீட்டு வாசலில் பதில் சொல்லப்போறது நீங்களாகவும் இருக்கலாம்.